சிவந்த பக்கம்

அறிவுசார் சொத்துரிமையில் சட்ட மேற்படிப்பு படிப்பவளே அடுத்தவர் எழுத்தைத் திருடினால்? பேராசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், ஆய்வேட்டில் ஒரு பக்கம் முழுவதையும் சிவப்பாக்கியிருந்தது.

“போன மாசம் வந்த தீர்ப்புலேர்ந்து வரிக்கு வரி எடுத்திருக்கியேம்மா. பட்டமே கிடைக்காது, தெரியுமா?”

மாணவி தலை நிமிரவில்லை. “நான் எடுக்கல மேடம்.”

“அப்போ நீதிபதி உன்கிட்டேர்ந்து எடுத்தாராக்கும்?”

“ஆமா மேடம். அந்தக் கேஸ்ல பாட்டெழுதினவருக்காக வாதாடினது நான்தான். பகல்ல கோர்ட், சாயங்காலம் கிளாஸ். நான் எழுதிக் கொடுத்த வாதத்தை அப்படியே தீர்ப்புல சேர்த்துட்டார்.”

பேராசிரியை தீர்ப்பைத் திறந்து வக்கீலின் பெயரைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

“சார், கொஞ்சம் வாங்களேன். கோர்ட்டே பார்த்து எழுதற அளவுக்கு ஒருத்தி என்கிட்ட படிக்கிறா.”