பதினொரு டம்ளர் தண்ணீர்

உமையாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் ஆளில்லாப் போர் விமானம் ஓட்டுகிறவள். விமானம் கடல் எல்லையில் பறக்கும். இவள் தேவகோட்டையில் நாற்காலியில் இருப்பாள். பின்னால் நின்று மாமனார் சொக்கலிங்கம் வேடிக்கை பார்ப்பார்.

அன்று விமானம் எழும்பி எல்லையை நெருங்கியதுமே, பக்கத்து நாட்டு விமானம் ஒன்று உரசுகிற மாதிரி அருகில் வந்து, விதிப்படி ரேடியோவில் கேட்டது: "எங்கே போகிறீர்கள்?"

"போச்சு," என்றார் மாமனார். "கெளம்புறவள எங்க போறன்னு கேட்டுட்டான். போற காரியம் வெளங்காது. திருப்பும்மா."

உமையாளுக்கும் மனசு ஒப்பவில்லை. விமானத்தைத் திருப்பி இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளப்பினாள். அவனும் மறுபடி வந்து கேட்டான். சாயங்காலத்துக்குள் பதினொரு தடவை, பதினொரு டம்ளர்.

எதிரியைப் பதினொரு முறை விரட்டியதாகப் பக்கத்து நாட்டில் பட்டாசே வெடித்துவிட்டார்கள். மறுநாள் காலை, மேலதிகாரி கதிரேசன் போனில் கொதித்தார்.

"ஒரு கேள்வி கேட்டதுக்கே திரும்பி வர்ற பைலட்ட நான் எங்கயும் பாத்ததில்லம்மா. உன் வேலைய இன்னிக்கே காலி பண்றேன். ஷூ மாட்டியாச்சு, வண்டி வாசல்ல நிக்குது, கெளம்பிட்டேன்."

உமையாள் பணிவாகக் கேட்டாள்: "எங்க சார் கெளம்பிட்டீங்க?"

மறுமுனையில் ஷூவைக் கழற்றுகிற சத்தமும், மனைவியிடம் தண்ணீர் கேட்கிற குரலும் வந்தன.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று உமையாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.