நான்காவது கட்டம்

"கேமரா படம் சரியாத் தெரியலம்மா. நீதான் அந்தப் படிப்பு படிக்கிறியே, கொஞ்சம் பாரேன்" என்று ஹவுஸ் ஓனரின் மனைவி கோவிந்தம்மாள் ஆன்ட்டி போனை என் கையில் வைத்தார்.

போன் ஓனர் ஜெகதீசன் அங்கிளுடையது. மதியம் மேல்மலையனூர் அமாவாசைக்குக் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டுப் போய்விட்டாராம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. அந்தப் பாவத்துக்கு இந்தத் தெருவில் ஓடாத ஃபேன், எரியாத பல்பு எல்லாம் என் தலையில்தான் விழும். அன்றும் காலேஜிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் கீழ்வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தேன்.

திரையில் நான்கு கட்டங்கள். வாசல் கேட், மாடிப்படி, மொட்டை மாடி மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. நான்காவது மட்டும் கறுப்பாக இருந்தது.

இந்த வீட்டில் மூன்றே கேமராக்கள்தான். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. எண்ணிப் பார்த்தவர் என் அப்பா.

விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற அப்பா சுப்பராயலு, எனக்காகத் திண்டிவனத்தில் ஒன்பது வீடு பார்த்து ஒன்பதிலும் குறை கண்டார். ஒரு வீட்டுக்கு மதில் குட்டை, இன்னொன்றுக்கு எதிரே டீக்கடை. இந்தப் பத்தாவது வீட்டில்தான் கேமராக்களை விரல்விட்டு எண்ணிவிட்டு அவர் முகம் மலர்ந்தது.

"எதனா ஒரு பேஜாருன்னு என் காதுல வுழுந்துது, படிச்சது போதும்னு கூட்டிக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து எது நடந்தாலும் நான் அவர் காதில் போடுவதில்லை.

நான்காவது காலி இடமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரெக்கார்டர் பெட்டியில் நான்கு கேமரா மாட்டலாம், மூன்று மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எதுவும் மாட்டாத இடத்தில் 'நோ வீடியோ' என்று எழுத்து வரும். இதில் எழுத்து இல்லை. ஓரத்தில் நேரம் மட்டும் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் கேமரா இருக்கிறது. இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பட்டப்பகல் நாலரை மணிக்கு இந்த வீட்டில் ஏது இருட்டு?

ஜன்னல் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், எங்கள் மாடி அறையின் பாத்ரூம். ஜன்னல் இல்லை, அதனால் பயமும் இல்லை என்று அப்பா அதையும் மெச்சியிருந்தார்.

முதல் கட்டத்தில் கேட் திறந்தது. என்னோடு தங்கியிருக்கும் பானுப்ரியா உள்ளே வந்தாள். இரண்டாவது கட்டத்தில் படியேறினாள். அதற்கப்புறம் அவளைக் காணவில்லை. வெயிலில் வந்தவள், நேராகக் குளிக்கத்தான் போவாள்.

 

நான்காவது கட்டத்தில் விளக்கு எரிந்தது.

பச்சை வாளி. போன மாதம் நானே பேரம் பேசி வாங்கியது. கம்பியில் என் துண்டு.

"பானு! லைட்ட நிறுத்துடி! வெளிய வந்துடு!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. திரையில் பானு திடுக்கிட்டு நின்றாள். ஒரு கை சுவிட்சுக்குப் போனது. மறுபடியும் கறுப்பு.

இரண்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம். உடம்பெல்லாம் கூசியது. இனி அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது, படிப்பு அவ்வளவுதான் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. அதற்குத்தான் அழுகை வந்தது.

ஆன்ட்டி பிடுங்கிவிடுவாரோ என்று போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை நீட்டவில்லை. திரையையும் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவரு மறந்துட்டுப் போவல. நாந்தான் பையில இருந்து எடுத்து வச்சேன்" என்றார். "இந்நேரம் போனக் காணோம்னு செஞ்சியில எறங்கித் திரும்பிக்கினு இருப்பாரு. யார்கிட்ட காட்டணுமோ ஜல்தி காட்டு, கண்ணு."