உள்ளங்கையில் ஒரு துண்டு

சிஸ்டர் செர்வா ஸ்கேன் அறைக் கதவைத் திறந்து "நியார்கோ" என்று கூப்பிட்டதும் எழுந்து நின்றது ஒபாரே.

"உன்னைக் கூப்பிடலடா, உக்காரு" என்றான் நியார்கோ. "கண்ணு பிதுங்கினது எனக்கு. முழிக்கிறது நீயா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒபாரேயும் சிரித்தான். உட்காரவில்லை.

இருபது வருஷமாகக் குமாசி நகரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை. லாரிச் சட்டம் வெட்டுவது, பற்றவைப்பது, ராவுவது. போன வருஷம் நியார்கோவின் வலது கண் வெளியே தள்ள ஆரம்பித்தது. இப்போது இமை மூடுவதில்லை. தூங்கும்போதும் பாதி திறந்தே கிடக்கிறது.

கண்குழியிலும் மூளையிலும் வரும் கோளாறுகளைப் படமெடுத்து ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள், நாற்பது பேருக்கு இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நியார்கோ நாற்பதாவது ஆள். இன்றே கடைசி நாள்.

போன வாரம் இவர்கள் தெரு வெல்டர் ஒருவன் வந்து, செய்கிற தொழிலை அப்படியே சொன்னான். முதலில் எக்ஸ்ரே எடுத்து வா என்று அனுப்பினார்கள். அவன் திரும்பி வருவதற்குள் அவன் இடத்தில் வேறொருவன் படுத்திருந்தான். அதனால் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ட்ரோட்ரோ வேனில் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தது ஒபாரேதான்.

செர்வா தாளைப் பார்த்துக் கேட்டாள். என்ன தொழில்?

"இரும்பு கேட் விக்கிறேன்."

கண்ணில் இரும்பு ஏதாவது இருக்கிறதா?

"இல்ல."

முதல் பதில் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவதை அவன் மனசறிந்து பொய்யாகச் சொல்லவில்லை. பட்டறையில் கண்ணில் தூள் விழாத ஆள் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி எடுப்பான். எடுத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான். காட்டிவிட்டால் முடிந்தது. வலி நின்றாலும் நிற்காவிட்டாலும் எழுந்து வேலையைப் பார்க்க வேண்டும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் செர்வா. "உள்ள இருக்கிறது பெரிய காந்தம். கடுகுல பாதி இரும்பு கண்ணுக்குள்ள இருந்தாலும் அசைச்சு இழுத்துடும். அப்புறம் கண்ணு இருக்காது."

"இல்ல சிஸ்டர்."

ஒபாரே கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். லாடக் காந்தம், அதன்மேல் மின்னல். எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்வது ஏழைகளை அலையவிடத்தான் என்று இன்று காலைவரை நினைத்திருந்தான்.

நியார்கோ பெல்ட்டைக் கழற்றினான். சாவி, போன், சில்லறை எல்லாம் ஒபாரேயின் கைக்கு வந்தன. கடைசியாக, பர்ஸுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று.

"இதையும் வச்சுக்க. உன் கைவேலை" என்று காதோடு சொன்னான். "இத்தனை பெருசைக் கண்ணுல வச்சுக்கிட்டு அன்னிக்கு எப்படிடா இமையை மூடினேன்?"

உள்ளே போகும்போது திரும்பி, வந்ததும் மீனோடு வாச்சே சோறு வாங்கித் தர வேண்டும் என்றான். கதவு சாத்திக்கொண்டது.

ஒபாரே காகிதத்தைப் பிரித்தான். சுருண்ட இரும்புச் சீவல். நாலு வருஷமாகியும் துருவில்லை.

அன்றைக்குத் தக்காளி ஏற்றிய லாரி ஒன்று அச்சு விட்டுப்போய் வாசலில் நின்றது. சரக்கு அழுகுகிறது என்று லாரிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். நியார்கோ கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டான். மூன்று தீக்குச்சி. அப்புறம் உள்ளங்கை. பத்தாவது நிமிஷம் நியார்கோ எழுந்து வெல்டிங் டார்ச்சைப் பிடித்தான். இருட்டுவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

தன் கண்ணைக் காப்பாற்றியவன் ஒபாரே என்று அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் நியார்கோ சொல்கிறான். அடுத்த வருஷம் பிறந்த பையனுக்கு ஒபாரே என்றே பெயர் வைத்தான்.

ஒபாரே காகிதத்தை மடித்தான். பிரித்தான். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். குடித்ததை மறந்து மறுபடியும் குடித்தான்.

"ஜெபம் பண்ணிட்டு உக்காருங்கண்ணே" என்றாள் பெஞ்சில் இருந்த பெண். "நீங்க நடக்கிறதைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது."

பக்கத்து அறைக் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. நியார்கோ பலகையில் மல்லாந்து கிடந்தான். தலைக்குமேல் கூண்டு மாதிரி ஒன்றை செர்வா மாட்டிக்கொண்டிருந்தாள். பிதுங்கிய கண் கூண்டுக்குள்ளிருந்து கூரையைப் பார்த்தது. பலகை இன்னும் நகரவில்லை.

ஒபாரே கதவை இரண்டு கையாலும் தட்டினான்.

செர்வா திறந்தாள். "என்னய்யா இது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

தரையில் சிவப்புக் கோடு. கையில் இரும்பு. அவன் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றான்.

"ஒபாரேயா?" கூண்டுக்குள்ளிருந்து நியார்கோ சிரித்தான். "பயப்படாதேடா. எனக்கு என்ன ஆகப் போகுது? நீதான் அன்னிக்கே எடுத்துட்டியே."

ஒபாரே உள்ளங்கையை நீட்டினான், நாலு வருஷத்துக்கு முன்னால் நீட்டியதைப் போலவே. செர்வாவைப் பார்க்காமல் உள்ளே பார்த்துச் சொன்னான்.

"இதை நான் தரையிலேருந்துதான்டா எடுத்தேன்."