கூடமாட ஒருத்தி

தையற்கடைக்கு உரிமம் கேட்டு அலைந்ததில் தையல்காரிக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவழியாக ஆய்வாளர் கடையைப் பார்க்க வந்தார். அவள் வாசலில் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்க, உள்ளறைக்குப் போய்வந்தவர் உரிமத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"வேலையாள் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. திருத்திட்டேன்."

"நான் மட்டும்தானே சார்?"

"அப்போ உள்ள பட்டன் தைக்கிறவங்க யாரு? அவங்கதான் ஸ்விட்ச், ஜன்னல் எல்லாம் காட்டினாங்க. நல்ல பொறுமைசாலி."

அவர் போனதும் தையல்காரி உள்ளே ஓடினாள். யாருமில்லை. அந்த அறைக்கு வேறு வாசலும் கிடையாது. நாளை கொடுக்க வேண்டிய முதல் ஆர்டர், சீருடைச் சட்டைகள். பாதிக்குப் பட்டன் தைத்து, காலி நாற்காலியருகே மடித்து வைத்திருந்தது. அவள் கத்தரியால்தான் நூலை வெட்டுவாள். இவற்றில் நூல் பல்லால் கடித்து அறுக்கப்பட்டிருந்தது. ஒரு பட்டனை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

பயம் வரவில்லை. தலையிலிருந்து பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. மிச்சச் சட்டைகளையும் அந்த நாற்காலிப் பக்கம் நகர்த்தினாள்.

"கழுத்துப் பட்டன் மட்டும் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும்க்கா."

சொல்லிவிட்டு, உரிமத்தை மாட்ட ஆணி தேடித் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் நறுக்கென்று நூல் கடிபடும் சத்தம் கேட்டது.