மூன்றரை கிராம்

"மழுப்பாதீங்கக்கா. மருந்தடிக்கச் சொல்லி எழுதிப் போட்டது நீங்கதானே?"

மாடிப்படியில் நின்று கத்தினார் மேல்வீட்டு ஃபிரிட்ஜ் கடைக்காரர். வாங்கிக் கட்டிக்கொண்டவள் கீழ்வீட்டுத் தையல்காரி. மூன்று வீடு தள்ளியும் ஜன்னல்கள் திறந்துகொண்டன.

"நான் எழுதலப்பா. எழுதணும்னுதான் இருந்தேன், வேலை ஒழியல."

பொய்யில்லை. கடைக்காரரின் தங்கை, ஃபிரிட்ஜோடு வரும் தெர்மாகோலை ட்ரேயில் போட்டுப் புழு வளர்க்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தையல்காரிக்கு உடம்பெல்லாம் கூச்சம். 'புழுக்காரி' என்று பெயர் வைத்துத் தெரு முழுக்கப் பரப்பியதும் அவள்தான்.

"ரெண்டு வருஷ உழைப்புக்கா. பிளாஸ்டிக் குப்பையைத் திங்கற புழு, வந்து பாருங்கன்னு நகராட்சி ஆபீசுக்குப் பதினோரு லெட்டர் போட்டா. ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கல. புழுத் தொல்லைன்னு பேர் போடாத ஒரே ஒரு லெட்டர், மறுநாளே பம்போட ஆள் வந்தாச்சு."

வந்தவர் சுகாதார ஆய்வாளர். சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை. அவர் பின்னாலேயே, கழுத்தில் அளவு நாடா தொங்கத் தையல்காரியும் மாடியேறிக் கதவோரம் இடம் பிடித்தாள். பார்க்காமல் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்குமா?

புழுக்காரி அழுது புரளுவாள் என்று நினைத்தால், அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீயும் போட்டு வைத்திருந்தாள்.

"அடிச்சா எல்லாம் செத்துடும் சார். ஒரு தடவை பார்த்துட்டு அடிங்க."

ட்ரேயில் வெளிர்மஞ்சள் புழுக்கள் தெர்மாகோலைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் குனிந்து காதை வைத்தார். கறுக் முறுக்கென்று சன்னமாய் ஒரு சத்தம்.

"எவ்வளவு திங்கும்?"

"பத்தாயிரம் புழு இருக்கு. ஒரு நாளைக்கு மூன்றரை கிராம்."

"இவ்வளவுதானா?"

"இந்த ரூமுக்கு அவ்வளவுதான் சார். உங்க குப்பைக் கிடங்கு எவ்வளவு பெரிசு?"

ஆய்வாளர் டீயைக் குடித்து முடித்தார். இறங்கும்போது ஒரு கையில் மருந்து குறையாத பம்ப், இன்னொரு கையில் ஒரு ட்ரே.

ஆறே மாதத்தில் குப்பைக் கிடங்கில் அவளுக்கென்று ஒரு கொட்டகை, அதில் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காய் ட்ரேக்கள். புழுக்களை நலம் விசாரிக்கும் சாக்கில் வாரம் மூன்று தடவை மாடியேறிய ஆய்வாளர், மறு வருஷமே புழுக்காரியைக் கட்டிக்கொண்டு கிடங்குப் பக்கம் குடிபோனார்.

தையல்காரி சும்மா இருப்பாளா? "அன்னைக்கு நான் மட்டும் புகார் எழுதலேன்னா இந்தக் கல்யாணம் ஏது?" என்று கூசாமல் பேச்சை மாற்றிக்கொண்டாள். சட்டை தைக்க வந்த ஆய்வாளரிடமே ஒருநாள் அதைச் சொல்லிவிட்டு, நன்றிக்காகக் காத்திருந்தாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்கு அப்படியே சொல்லிக்கிட்டிருங்கக்கா, எனக்கும் நல்லதுதான். ஆனா, அந்தப் புகார்ல இருந்த கையெழுத்துலதான் இப்போ தினம் என் சட்டைப் பையில மளிகைச் சீட்டு இருக்கு."