ரெண்டே ரெண்டு ராஜா

"டேய் சிங்கம்! போட்டு நொறுக்குடா!"

லாரி மெக்கானிக் மறுபடியும் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். ஜன்னல் முழுக்க உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சிங்கம் இருக்கிற திசைகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் கத்தினார்.

"இதெல்லாம் ஒரு அப்பா!" என்று முணுமுணுத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா. அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வந்த உடனே கதவில் ஒட்டியிருந்த 'பெற்றோர் உள்ளே வர கூடாது' என்ற அறிவிப்பில் சிவப்புப் பேனாவால் ஒரு 'க்' போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

உள்ளே நடந்தது ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமான செஸ் போட்டி. நடுவர், பல் டாக்டர். அறுபது பிள்ளைகள் இருந்தும் காலையிலிருந்து ஹாலில் சத்தமே இல்லாததற்கு அதுதான் காரணம். அவர் முன்னால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

மற்ற ஆட்டமெல்லாம் முடிந்து அரை மணி நேரமாகிவிட்டது. ஒரே ஒரு மேஜை மட்டும் பாக்கி. அது முடிந்தால்தான் கப் கொடுப்பார்கள். அந்த மேஜையில் இந்த அம்மாவின் மகளும் மெக்கானிக்கின் மகனும். ரெண்டும் ரெண்டாம் வகுப்பு.

அம்மா எழுந்து போய், செய்தித்தாள் கிழிந்திருந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

பலகையில் ரெண்டே ரெண்டு ராஜா. வேறு ஒரு காயும் இல்லை. ஒரு ராஜா முன்னால் ஒரு கட்டம் போனது. இன்னொரு ராஜா பின்னால் ஒரு கட்டம் போனது. அப்புறம் அதே மாதிரி திரும்பி வந்தன.

"ரெண்டு ராஜா மட்டும் இருந்தா டிரா. இதுகூடத் தெரியாம ஒரு நடுவர்!" என்று சலித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மடியில் தலையணை கனத்துக்கு ஒரு நோட்டு.

"அது என்னங்க நோட்டு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பாப்பா இதுவரைக்கும் ஆடின ஆட்டம் எல்லாம் இதுல இருக்கு. ஒவ்வொரு காய் நகர்த்தலையும் அவ தாள்ல எழுதிட்டு வருவா. அதை இதுல ஒட்டி, தப்பு நடந்த இடத்தை மட்டும் சுழிச்சுக் காட்டுவேன். திட்டவே மாட்டேன். சும்மா உக்காந்து பேசுவோம். ஒரு ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமா?"

"அது ஜெயிச்சா. தோத்தா கொஞ்சம் கூட ஆகும்."

கதவு திறந்தது. பல் டாக்டர் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"மேடம், அது டிரா மேடம்!"

"டிராதான். அரை மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன், எழுதியும் வெச்சுட்டேன். பிள்ளைங்கதான் எந்திரிக்க மாட்டேங்குதுங்க. மூணாவது தாள் கேட்டு வாங்கி எழுதிட்டு இருக்காங்க."

"ஏனாம்?"

டாக்டர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அப்புறம் நோட்டைப் பார்த்தார். "ஒரு குழந்தைக்கு வெளிய வர பயமா இருக்காம்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன்னிடம் உதவி கேட்கிறார். நேரே மெக்கானிக்கிடம் போனாள்.

"உங்களாலதான் சார்! இப்படிக் கத்தினா குழந்தை எப்படி வெளிய வரும்? செஸ் என்ன குஸ்தியா? நான் என் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் குரலை உசத்தினதே கிடையாது, தெரியுமா?"

மெக்கானிக் காற்று இறங்கின டயர் மாதிரி ஆகிவிட்டார்.

"நான் சும்மா... ஒரு தெம்பா இருக்கட்டுமேன்னு... என்னைப் பாத்தா பயமாம்மா அவனுக்கு?"

கண் கலங்கிவிட்டது. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து மூக்கைத் துடைத்தார். அது வண்டி துடைக்கிற துணி. மூக்கு கறுப்பாகிவிட்டது. அப்படியே போய்ச் சாவித் துவாரத்தில் வாயை வைத்து ரகசியமாகக் கூப்பிட்டார்.

"கப்பு கெடக்குது, வெளிய வாடா தங்கம்!"

ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

கதவு படாரென்று திறந்தது. பையன் காலைப் பின்னிக்கொண்டு குதித்துக் குதித்து வந்தான்.

"அப்பா, அவசரம்ப்பா! ரொம்ப நேரமா அடக்கிட்டு இருக்கேன்!"

"சாரிடா. இனிமே அப்பா கத்த மாட்டேன்டா."

"ஏன்? கத்துப்பா. கத்தினாத்தான் நீ டீ குடிக்கப் போயிடலன்னு தெரியும். உன் மூக்கு ஏன் கறுப்பா இருக்கு?"

மெக்கானிக் அம்மாவைப் பார்த்தார். அம்மா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நிலைப்படியைப் பார்த்தார்.

"அப்ப ஏன்டா டிரா ஆனதும் வெளிய வரல?"

பையன் எக்கி அப்பாவின் காதைப் பிடித்து ரகசியம் சொன்னான். அவனுக்கும் அப்பாவின் ரகசியக் குரல்தான். வராந்தா முழுக்கக் கேட்டது.

"அவளைத் தனியா விட்டுட்டு எப்படிப்பா வர்றது? அவங்க அம்மா அந்த நோட்டோட இன்னும் வெளியவே உக்காந்திருக்காங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னா."