நாலு அங்குலம்

“மாப்பிள்ளை, டீ ஆறிட்டிருக்கு.”

அவன் எழுந்தான். பல் விளக்கினான். மோட்டாரைப் போட்டான். போர்வையை மடித்தான். டீயை எடுத்துக்கொண்டு வரைபட மேஜைக்கு வந்தான். எதிரே மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் பாதிப் பேருக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுத்தவன் அவன். சொந்த வீட்டுக்கு என்று உட்கார்ந்ததும் கை ஓடவில்லை. சிக்கல் சமையலறையில் ஆரம்பித்தது. சமையல் மேடைக்கு அடியில் வாஷிங் மெஷின் நுழையவில்லை. அதைப் பின்பக்க நடைக்குத் தள்ளினால் குளியலறைக் கதவு இடித்தது. கதவை மாற்றினால் மாமியாரின் அறைக்கு ஜன்னல் போயிற்று. ஜன்னலைக் காப்பாற்றினால் மெஷின் மறுபடி நடுத்தெருவில்.

காண்ட்ராக்டர் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். எதற்கெடுத்தாலும் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பவர் என்பதால் வீட்டில் அவருக்குப் பெயரே சீக்கிரம். இன்று பிளான் கைக்கு வராவிட்டால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் மழைக்காலம் முடிந்துதான் கிடைப்பார்கள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். தன் அறையை எடுத்துவிடலாமே, ஹாலில் ஒரு கட்டில் போதும் என்றார். அந்தப் பேச்சே வேண்டாம் என்றான். அப்படியானால் மெஷினை மொட்டைமாடியில் ஏற்றிவிடலாம், துணி துவைக்கிற சாக்கில் மாப்பிள்ளைக்குத் தொப்பையாவது குறையும் என்றார்.

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சமயம் பார்த்து, மேடையைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் என்ன என்று கேட்டார்.

“எட்டாது அத்தை. முக்காலி போட்டு ஏறி நின்னாத்தான் சமைக்க முடியும்.”

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரப்பரை எடுத்தார். மேடைக் கோட்டை அழித்தார். பென்சிலை அவன் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி பீன்ஸுக்குப் போனார்.

அவன் அழிந்த கோட்டுக்கு நாலு அங்குலம் மேலே புதுக் கோடு போட்டான். மெஷின் உள்ளே போனது. நடை காலியானது. கதவு முழுசாகத் திறந்தது. மாமியாரின் ஜன்னல், கிழக்குச் சுவரில் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் முரண்டு பிடித்த வீடு சாதுவாகிவிட்டது.

வாசலில் சீக்கிரத்தின் பைக் சத்தம் கேட்டபோது அவன் தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பாதியில் பேனா நின்றது.

“பிளான் சரியா வந்துடுச்சு அத்தை. ஆனா அவ இவ்வளவு உசரத்துல...”

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

“எட்டாதது என் பொண்ணுக்கு. அவ கண்ணை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. அடுத்த மாசம் உங்க கையைப் பிடிச்சுட்டு வரப்போறவளை நான்தானே போய்ப் பார்த்துப் பேசி முடிச்சேன். அவ என்னைவிட ஒரு சாண் உசரம், மாப்பிள்ளை.”